வாரண்டி முடிந்தது, உரிமையும் முடிந்ததா?



கரும்புக்கடையிலிருந்து ஒரு சகோதரி சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். கையிலிருந்த துணிப்பைக்குள் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர். அவருடைய தாயாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. முஸ்ஹஃபைப் பார்த்து ஓத முடியாத அவருக்கு, வாயால் கேட்டாலே யாசீனை ஒலிக்கச் செய்யும் அந்தக் கருவி பெரிய ஆறுதலாக இருந்தது. வாங்கிய 14ஆம் மாதத்தில் அது நின்றுவிட்டது. வாரண்டி ஓராண்டுதான்.

"தேதியை மாத்தி ஒரு பில் போட்டுத் தர்றேன்னு கடைக்காரர் சொல்றாருங்க. வாங்கிக்கலாங்களா?" இதுதான் அவர் கேட்ட கேள்வி.

கூடாது என்றே சொன்னோம். நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் கண்ணில் படும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்தார்கள். விற்பவர் ஈரத்தை மறைக்கக் கூடாது என்றால், வாங்கியவர் தேதியை மறைப்பதும் கூடாது.

அதற்காகக் கொடுத்த காசை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. உண்மையான தேதியைச் சொல்லியே கேட்க வழிகள் இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், உண்மையிலேயே பழுதா?

விளக்கே எரியவில்லை என்றால் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டும். கருவியில் எழுதியுள்ள அதே வோல்ட், குறையாத ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரில் சோதிக்கலாம். விளக்கு எரிந்தும் பதில் இல்லை என்றால், வீட்டில் வைஃபை பாஸ்வேர்டையோ ரவுட்டரையோ மாற்றினோமா என்று யோசிக்க வேண்டும். பழைய பாஸ்வேர்டையே கருவி தேடிக்கொண்டிருக்கலாம்.

உடனே ரீசெட் செய்துவிட வேண்டாம். 2025 மார்ச்சில், டி.வி.யில் செருகும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் நின்றன. உள்ளே இருந்த மின்னணுச் சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்ததே காரணம். ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுள் கேட்டுக்கொண்டது. சில நாட்களில் இணையம் வழியாகவே சரிசெய்தது. 2015இல் வெளிவந்த கருவி அது! அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்களுக்குத்தான் கூடுதல் சிரமம்.

அடுத்து, நிறுவனத்துக்கு எழுதுவோம்

கடைக்காரர் சொல்வது முடிவல்ல. தயாரித்த நிறுவனத்துக்கே எழுத வேண்டும். வாங்கிய தேதி, கருவியின் வரிசை எண், எந்த நாளில் எப்படி நின்றது என்பவற்றை உள்ளபடி எழுதி, பில்லின் படத்தையும் இணைக்க வேண்டும். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நின்றிருந்தால் அதை அவசியம் குறிப்பிட வேண்டும். 2019இல் அப்படித்தான் சில கூகுள் ஹோம், ஹோம் மினி ஸ்பீக்கர்கள் முடங்கின. வாரண்டி முடிந்தவற்றுக்கும் மாற்றுக் கருவி தருவதாக அந்நிறுவனம் அக்டோபரில் அறிவித்தது. கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும்.

பதில் திருப்தியாக இல்லையா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். நம் புகாரை அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் வாரண்டி முடிந்த பொருளில், குறை தயாரிப்பிலேயே இருந்தது என்பதை நாம் காட்ட வேண்டியிருக்கும். கீழே விழுந்ததையும் தண்ணீர் பட்டதையும் உற்பத்திக் குறை என்று சொல்வது, தேதியை மாற்றுவது போன்ற பொய்தான்.

கொடுக்கும் முன், எறியும் முன்

பழுது பார்க்கக் கொடுத்தாலும் விற்றாலும், முதலில் நம் கணக்கிலிருந்து கருவியை நீக்கிவிட வேண்டும். நாம் பேசிய குரல் பதிவுகள் கருவியில் அல்ல, நிறுவனத்தின் சர்வரில் நம் கணக்கின் கீழ் இருக்கலாம். கருவி இயங்காவிட்டாலும் செல்போன் செயலி வழியே அவற்றை அழிக்கலாம். வீட்டுப் பேச்சும் ஒரு அமானத் அல்லவா?

விற்பதானால் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். இனி எதற்கும் ஆகாது என்றால் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்க அங்கீகாரம் பெற்றவர்களிடம் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகள், இக்கழிவு மறுசுழற்சிக்குப் போய்ச் சேரும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலும் வைத்திருக்கின்றன.

அந்தச் சகோதரியின் ஸ்பீக்கரில் அடாப்டரை மாற்றியும் பலனில்லை. பில்லில் இருந்த உண்மையான தேதியோடு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தோம். பதில் வரவேண்டியிருக்கிறது. அதுவரை மஃரிப் தொழுகைக்குப் பிறகு பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதிக் காட்டுகிறாளாம். "அவ ஓதுறப்போ எங்கம்மா நடுவுல நிறுத்தித் திருத்துறாங்க. அந்த மெஷின்கிட்ட அது முடியாதுல்லங்க" என்றார் சகோதரி.

இதே போன்ற சிக்கல் உள்ளவர்கள் பில்லையும் கருவியையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கடிதம் எழுத உதவுவோம்.