நான்கு வாரம் வேறு, ஒரு மாதம் வேறு: மறுவருகைத் தேதியைக் கைபேசி நாட்காட்டியில் சேர்ப்பது பற்றி



தோல் நோய்ப் பிரிவின் புறநோயாளிகள் அறையில் நாங்கள் ஒவ்வொரு நாளும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “டாக்டர், அடுத்து எப்போது வரணும்?” நாங்கள் “நான்கு வாரம் கழித்து வாருங்கள்” என்கிறோம். கேட்பவர் அதனை “அடுத்த மாதம் இதே தேதி” என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார். வீட்டுக்குச் சென்றதும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரிலோ, பேரனின் கைபேசியிலோ அந்தத் தேதியைக் குறித்து வைக்கிறார். குறித்த தேதியில் தவறாமல் வந்தும் விடுகிறார். ஆனால் அவர் கையில் உள்ள மாத்திரை அட்டை மூன்று நாள்களுக்கு முன்பே தீர்ந்திருக்கிறது. அவர்மீது குற்றம் ஏதுமில்லை. நாம் சொன்ன சொல்லுக்கும் நாட்காட்டியின் கணக்குக்கும் இடையே ஏற்பட்ட பிழை அது.

எங்கள் மருத்துவமனையின் முன்பதிவு இணையச் செயலியில், மறுவருகைத் தேதிகளைக் கைபேசி நாட்காட்டிக்கு அனுப்பும் வசதி இப்போது சேர்க்கப்பட்டுள்ளது. அதனைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி, எங்கே எச்சரிக்கை தேவை என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

நாட்காட்டியாகவே அமைந்த மருந்து

நாட்காட்டிக்கும் மருந்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள நம் ஊரிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உள்ளது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் தொழுநோய் இல்லம் ஒன்று நிறுவப்பட்டது. 1955-இல் மத்திய அரசு அதனை ஏற்று, மத்திய தொழுநோய்க் கற்பித்தல் மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக அமைத்தது. ஒரு காலத்தில் தொழுநோயாளிகள் ஆண்டுக்கணக்கில், பலர் வாழ்நாள் முழுவதும், ஒரே மருந்தை உட்கொண்டு வந்தனர். 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதன்பின் சிகிச்சைக்குத் திட்டவட்டமான முடிவுநாள் ஏற்பட்டது. நோயின் வகைக்கேற்ப 6 அட்டைகள் அல்லது 12 அட்டைகள்; அத்துடன் சிகிச்சை நிறைவு பெறும்.

அந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு நாட்காட்டி போலவே அமைந்தது. முதல் நாளுக்குரிய மாத்திரைகள் தனியே இருக்கும். அவற்றைச் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டும். ரிஃபாம்பிசின் என்னும் முக்கியமான மருந்து அந்த ஒரு நாளில் மட்டுமே தரப்படுகிறது. எஞ்சிய 27 நாள்களுக்குரிய மாத்திரைகளை வீட்டில் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். ஆக மொத்தம் 28 நாள்கள். 30 அன்று, 31 அன்று, சரியாக நான்கு வாரங்கள்.

நான்கு வாரம் என்று வகுத்ததில் ஒரு நன்மை உள்ளது: கிழமை மாறுவதில்லை. திங்கட்கிழமை தொடங்கிய அட்டை ஞாயிற்றுக்கிழமை முடியும். அடுத்த அட்டை மீண்டும் திங்கட்கிழமையே தொடங்கும்.

கணக்கு எங்கே தவறுகிறது?

ஒருவர் 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை முதல் அட்டையைத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். அவருடைய அடுத்த அட்டைகளின் தொடக்க நாள்கள் பிப்ரவரி 2, மார்ச் 2, மார்ச் 30, ஏப்ரல் 27 என வரும். எல்லாம் திங்கட்கிழமைகள். மார்ச் மாதத்தில் இரண்டு முறை வர வேண்டியிருப்பதைக் கவனியுங்கள்.

அவரே கைபேசியில் “மாதம் ஒருமுறை” என்று பதிந்துகொண்டால், பிப்ரவரி 5, மார்ச் 5, ஏப்ரல் 5 என்று நினைவூட்டல் வரும். பிப்ரவரி 2, 3, 4 ஆகிய மூன்று நாள்களும் மருந்தின்றிக் கழியும். ஏப்ரலிலும் அதேபோல் மூன்று நாள்கள் விடுபடும். இப்படியே பன்னிரண்டாம் அட்டையைப் பெறும் டிசம்பர் 5 வரை கணக்கிட்டால் மொத்தம் 26 நாள்கள் மருந்தில்லாமல் போகின்றன. ஏறத்தாழ ஓர் அட்டைக்குரிய காலம் அது. ஒருமுறைகூட அவர் தேதி தவறவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாதக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. 31-ஆம் தேதியில் தொடங்கி “மாதந்தோறும்” என்று பதிந்தால், 31 நாள்கள் இல்லாத மாதங்களைப் பல நாட்காட்டிச் செயலிகள் விட்டுவிடுகின்றன. ஆண்டில் ஐந்து மாதங்களில் 31-ஆம் தேதி கிடையாது. அந்த ஐந்து மாதங்களிலும் நினைவூட்டலே வராது. இது செயலியின் கோளாறு அன்று. நாட்காட்டிக் கோப்புகளுக்கான உலகப் பொது விதியே அவ்வாறுதான் உள்ளது.

கோப்பு எவ்வாறு வேலை செய்கிறது?

வெவ்வேறு நிறுவனங்களின் கைபேசிகளும் கணினிகளும் தேதிகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்கு ஐகேலண்டர் என்னும் பொதுவான எழுத்து முறை உள்ளது. 1998-இல் வெளியிடப்பட்ட அந்த முறை 2009-இல் திருத்தி அமைக்கப்பட்டது. செயலியில் “நாட்காட்டியில் சேர்” என்னும் பொத்தானை அழுத்தினால் தங்களுக்குக் கிடைப்பது அந்த முறையில் எழுதப்பட்ட சிறு கோப்பு. நிகழ்வின் தலைப்பு, தொடங்கும் நேரம், இடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்னும் விதி, அந்த நிகழ்வுக்கே உரிய அடையாள எண் ஆகியவை அதில் இருக்கும்.

எங்கள் செயலியில் மாத்திரை அட்டைக்குரிய வருகைகள் “28 நாளுக்கு ஒருமுறை” என்னும் விதியுடன் எழுதப்படுகின்றன. “மாதந்தோறும்” என்னும் விதியை அவற்றுக்கு நாங்கள் பயன்படுத்துவதில்லை. ஆறு அட்டையோ பன்னிரண்டு அட்டையோ, எண்ணிக்கை நிறைவடைந்ததும் நினைவூட்டலும் நின்றுவிடும்.

இந்த வசதியைச் சோதித்த நாள்களில் எங்கள் பக்கம் ஒரு பிழை நேர்ந்தது. மாமல்லபுரம் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் பேருந்து மாறி மாறிப் பிற்பகல் 2.30 மணிக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் புறநோயாளிகள் சீட்டு வழங்கும் நேரம் முடிந்திருந்தது. அவருடைய கைபேசி 2.30 என்றே காட்டியது. நாங்கள் பதிந்ததோ காலை 9 மணி. கோப்பில் அந்த நேரம் இந்திய நேரம் என்று குறிக்கப்படாமல், உலகப் பொது நேரம் என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் செல்வதால், கைபேசி தன் கணக்கைச் சரியாகவே போட்டு 2.30 என்று காட்டியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அன்றே மருந்து வழங்கி அனுப்பினோம். பிழையையும் திருத்திவிட்டோம். ஆயினும் தேதியைச் சேர்த்தவுடன், தங்கள் சீட்டில் எழுதியுள்ள நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனோ மகளோ தங்கள் தேதியைத் தம் கைபேசியில் சேர்த்துக்கொண்டால், நம் காலை 9 மணி அங்கே 11.30 என்று தெரியும். அது பிழையன்று. இரண்டும் ஒரே நேரம்தான்.

சேர்க்கும் முறை

1. செயலியில் “என் வருகைகள்” பகுதியைத் திறந்து “நாட்காட்டியில் சேர்” என்பதை அழுத்துங்கள். கோப்பு இறங்கியதும் அதைத் திறந்து “சேமி” என்று உறுதி செய்யுங்கள்.

2. முதல் மூன்று வருகைகளின் கிழமையைப் பாருங்கள். அட்டை மருந்து என்றால் மூன்றும் ஒரே கிழமையாக இருக்க வேண்டும். கிழமை மாறியிருந்தால் உடனே எங்களிடம் கேளுங்கள். எழுதப் படிக்க அறியாதவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய சோதனை இது: “என் கிழமை திங்கள்.”

3. நினைவூட்டல் மணியைத் தாங்களே வையுங்கள். கோப்பில் நாங்கள் எழுதும் மணியைச் சில செயலிகள் ஏற்பதில்லை. முந்தைய நாள் மாலை ஒருமுறை, அன்று காலை புறப்படும் முன் ஒருமுறை என இரண்டு வைத்துக்கொள்வது நல்லது.

4. செயலி இல்லாதவர்கள் கைபேசியிலேயே தேதியைப் பதியலாம். அப்போது “மாதந்தோறும்” என்பதைத் தேர்வு செய்யாமல் “4 வாரங்களுக்கு ஒருமுறை” என்று தேர்வு செய்யுங்கள்.

5. கைபேசியே இல்லாதவர்களுக்குத் தினசரி காலண்டர் போதும். எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தருகிறோம், கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

தேதி மாறினால்

பதிவிறக்கிய கோப்பு ஒரு நகல் மட்டுமே. பின்னர் நாங்கள் தேதியை மாற்றினால், தங்கள் கைபேசியில் உள்ள பழைய தேதி தானாக மாறாது. புதிய கோப்பை இறக்கிச் சேர்க்க வேண்டும். பழைய தேதியும் அங்கேயே இருந்தால் அதனை நீக்கிவிடுங்கள். இதற்கு மாற்றாக “இணைப்பாகச் சேர்” என்னும் வழியும் உள்ளது. அவ்வழியில் சேர்த்தால் நாங்கள் செய்யும் மாற்றம் தங்கள் நாட்காட்டிக்கும் வந்து சேரும். ஆனால் உடனே வராது. சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். ஆகவே வருகைக்கு முந்தைய நாளில் செய்யப்படும் மாற்றங்களைத் தொலைபேசியிலும் தெரிவிக்கிறோம்.

நாட்காட்டி விதி விடுமுறையை அறியாது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பத்தாம் அட்டை தொடங்கும் 2026 செப்டம்பர் 14 விநாயகர் சதுர்த்தி நாள். அதுபோன்ற நாள் வந்தால் வருகையைத் தாங்களாகத் தள்ளிப்போட வேண்டாம். முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். மருந்து விடுபடாதபடி வழி செய்து தருகிறோம். திருவிழா, திருமணம், வெளியூர் வேலை எதுவானாலும் இதுவே முறை.

பிறர் கண்ணில் படாமல்

நம் வீடுகளில் ஒரு கைபேசியைப் பலரும் பயன்படுத்துகிறோம். பூட்டிய திரையிலும் நினைவூட்டல் தெரியும். தொழுநோய் முற்றிலும் குணமாகும் நோய். சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து அது பிறருக்குப் பரவுவதில்லை. ஆயினும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் விலகி நிற்கும் மனிதர்கள் இன்னும் உள்ளனர் என்பதை எங்கள் நோயாளிகள் எங்களைவிட நன்கு அறிவர். ஆகவே நாங்கள் அனுப்பும் கோப்பின் தலைப்பில் “மருத்துவமனை வருகை” என்று மட்டுமே இருக்கும். நோயின் பெயரோ, பிரிவின் பெயரோ, மருந்தின் பெயரோ இராது. தாங்களே பதியும்போதும் அவ்வாறே பதியுங்கள். இணைப்பாகச் சேர்த்தவர்கள் அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம். அது கையில் கிடைத்த எவரும் தங்கள் வருகைகளைப் பார்க்க முடியும்.

தேதி தவறிவிட்டால்

சில நாள்கள் விடுபட்டதால் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுபவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அதுவே உண்மையான இழப்பு. 6 அட்டைகளை 9 மாதங்களுக்குள்ளும், 12 அட்டைகளை 18 மாதங்களுக்குள்ளும் முடித்தால் சிகிச்சை நிறைவு பெற்றதாகவே கொள்ளப்படும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எப்போது வந்தாலும் வாருங்கள், கடிந்துகொள்ள மாட்டோம்.

இறுதியாக ஒன்று. நாட்காட்டி காட்டும் தேதி மருந்து வாங்குவதற்கு உரியது. சிகிச்சையின்போதோ, அது முடிந்த பின்னரோ, தேமல் திடீரெனச் சிவந்து வீங்கினாலும், முழங்கை, கணுக்கால் பகுதிகளில் நரம்பு வலித்தாலும், கை கால் புதிதாக வலுவிழந்தாலும், கண் சிவந்து வலித்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. அது நரம்பையோ கண்ணையோ தாக்கும் எதிர்வினையாக இருக்கலாம். உடனே கவனித்தால் ஊனத்தைத் தடுக்க முடியும். அந்த நாளில் கைபேசி எந்தத் தேதியைக் காட்டினாலும், தங்கள் வருகை நாள் அன்றே.