புயல் எச்சரிக்கையும் நம் கடைச் சரக்கும்

"நாகப்பட்டினம் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று வானொலியில் கேட்டால், திருப்பூர் வணிகர்களாகிய நாம் கவலைப்படுவதில்லை. கடல் எங்கோ இருக்கிறது என்று வியாபாரத்தைப் பார்க்கிறோம். அந்தக் கூண்டு துறைமுகத்துக்கும் கப்பல்களுக்கும் உரியது என்பது உண்மையே. ஆனால் காற்றும் மழையும் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகை, வேதாரண்யம் இடையே கரை கடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை தாண்டித் திண்டுக்கல் மாவட்டம் வரை வந்தது. நம் ஊரிலேயே 2011 நவம்பரில் புயல் இல்லாமல், மழை மட்டுமே பெய்து ஜம்மனை, சங்கிலிப்பள்ளம் ஓடைகள் பெருக்கெடுத்தன. கரையோர வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் பறிபோயின. ஆகவே, நம் மாவட்டத்துக்கான எச்சரிக்கையைப் படிக்க நாம் பழகிக்கொள்வது அவசியம்.

இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக நான்கு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும். மழை அளவிலும் வேறுபாடு உண்டு. 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை.

இனி நாம் செய்ய வேண்டியவை:

மஞ்சள்: கடை முன் சாக்கடை அடைப்பை நீக்குவோம். கூரைத் தகரம், பெயர்ப்பலகை ஆடுகிறதா என்று பார்த்து இறுகக் கட்டுவோம்.

ஆரஞ்சு: சர்க்கரை, உப்பு, மாவு, வெல்லம், தீப்பெட்டி ஆகியவற்றைத் தரையிலிருந்து உயரே ஏற்றுவோம். பற்று வரவு நோட்டுகளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு மேல் அலமாரியில் வைப்போம். இருப்புச் சரக்கைப் பட்டியலிட்டுப் படம் எடுத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் பாலிசியில் புயலும் வெள்ளமும் சேர்ந்துள்ளனவா என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சிவப்பு: மெயின் சுவிட்சை அணைத்துக் கடையைப் பூட்டுவோம். வேலையாட்களை வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்புவோம். சரக்கை மீட்க வெள்ளத்தில் இறங்கக் கூடாது. உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

நம் கடைக்கு வரும் பனியன் தொழிலாளர் பலர் வெளி மாநிலத்தவர். தமிழ் அறிவிப்பு அவர்களுக்குப் புரிவதில்லை. ஓடைக் கரையில் குடியிருப்போருக்குக் கல்லாவில் இருந்தபடியே நாலு வார்த்தை சொல்லி அனுப்புவதும் நம் கடமை. அந்நாளில் மெழுகுவர்த்திக்கும் பாலுக்கும் விலை ஏற்றாத கடையை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்கள்.

சில சமயம் எச்சரிக்கை வரும், மழை வராது. அப்போது நமக்கு நஷ்டம் மூட்டை தூக்கிய கூலி மட்டுமே. அலட்சியமாக இருந்த அன்று மழை வந்தாலோ முதலே போய்விடும். எது மலிவு என்று வணிகருக்குச் சொல்லித் தர வேண்டுமா?