அணுக்கரு மோதல் படிக்க வரும் பிள்ளைக்கு

கண்ணு, பெல்லட்ரான் முடுக்கியில் ஆராய்ச்சி தொடங்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டதும் மனம் நிறைந்தது. கனமான இரண்டு அணுக்கருக்களை மோதவிட்டு, அவை ஒன்றாகின்றனவா, ஒன்றாகிப் பிளக்கின்றனவா, ஒன்றாகும் முன்பே விலகிவிடுகின்றனவா என்று பார்ப்பது நம் தொழில். கணக்கைப் புத்தகம் சொல்லித் தரும். அந்தக் கணக்கை எந்த மனத்தோடு எடுக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. துண்டைப் பார்த்தவுடன் அது வந்த வழியைச் சொல்லிவிடாதே. மோதலுக்குப் பின் உன் டிடெக்டர்களுக்கு வருபவை இரண்டு துண்டுகள். இரண்டு கருக்களும் முழுதாகக் கலந்து, பிறந்த விதத்தையே மறந்து, பிறகு பிளந்து வந்த துண்டுகளாக அவை இருக்கலாம். தொட்டு, ஒட்டி, கொஞ்சம் கொடுத்து வாங்கி, ஒரு சுற்றுக்கூட முடிக்காமல் பிரிந்தவையாகவும் இருக்கலாம். இரண்டாவதைக் குவாசி ஃபிஷன் என்கிறோம். ஒரு நொடியைக் கோடி கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி பத்து லட்சம் பங்காக்கினால் வரும் நேர அளவில் அது முடிந்துவிடும். எடையை மட்டும் பார்த்தால் இரண்டு வகைத் துண்டுகளும் ஒன்றாகவே தெரியக்கூடும். எடையையும் கோணத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் வழி பிடிபடத் தொடங்கும். கண்டதை முதலில் எழுது. பெயரைப் பிறகு வை.

2. ஒரே ஊருக்குப் பல பாதையில் போய்ப் பார். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வை மெதுவாகப் படி. கார்பன்-12ஐ ஈயம்-204 மேலும், ஃபுளோரின்-19ஐத் தங்கம்-197 மேலும், சிலிக்கன்-30ஐ டங்ஸ்டன்-186 மேலும் செலுத்தினார்கள். மூன்றிலும் கூட்டிப் பார்த்தால் ரேடியம்-216தான். அதே கரு என்றால் அதே முடிவு வர வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் எறியும் கரு கனமானபோது முழுதாகக் கலப்பது குறைந்திருந்தது. ஒரே ஒரு அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. உன் முடிவை அசைத்துப் பார்க்க இன்னொரு அளவீட்டை நீயே தேடிப் போ.

3. எதிர்பார்ப்பு கண்ணை மறைக்க விடாதே. 1934-இல் ரோமில் ஃபெர்மி குழு யுரேனியத்தின் மேல் நியூட்ரானைச் செலுத்தி, யுரேனியத்தைவிடக் கனமான தனிமங்கள் கிடைத்தன என்று நம்பியது. கரு பெரிய துண்டுகளாக உடைந்திருக்கவும் கூடுமே என்று அதே ஆண்டு இடா நோடாக் எழுதினார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1938 டிசம்பரில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்திலிருந்து பேரியம் வருவதை வேதியியல் முறையில் உறுதி செய்த பிறகுதான் உலகம் விழித்தது. அத்தனை கெட்டிக்காரர்களுக்கும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. உன் குழுவில் ஓரத்தில் உட்கார்ந்து சின்னக் குரலில் சந்தேகம் கேட்பவரை நிறுத்திக் கேள்.

4. டார்கெட்டை நீயே செய்யக் கற்றுக்கொள். கண்ணாடித் தகட்டில் படிந்த கார்பன் படலத்தைச் சாய்வாக வெந்நீரில் இறக்கும்போது அது பாலாடை போல விலகி மிதக்கும். அதன் அடியில் சட்டத்தைக் கொண்டுபோய், ஒரு ஓரத்தில் ஒட்டவைத்து, நிதானமாகத் தூக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பேச்சையும் நிறுத்திவிட்டு அதைச் செய்யும் ஒரு மூத்தவரிடம்தான் நான் கற்றேன். கிழிந்தால் முகம் சுளிக்க மாட்டார், அடுத்த தகட்டை எடுப்பார். பதறாத காரியம் சிதறாது என்பதை அவர் கை எனக்குச் சொல்லித் தந்தது. தன் டார்கெட்டின் தடிமன் தெரியாதவன், தன் பீம் அதற்குள் எவ்வளவு ஆற்றல் இழந்தது என்பதையும் அறியமாட்டான்.

5. ஷிஃப்ட் நோட்டில் எல்லாவற்றையும் எழுது. விடியற்காலை மூன்று மணிக்கு எல்லாருக்கும் கண் சொருகும். அந்நேரத்தில் என் தோழி ஒருத்தி, டிடெக்டரில் வாயு அழுத்தம் லேசாக இறங்கியது, காரணம் புரியவில்லை என்று ஒரு வரி எழுதிவைத்தாள். மாதங்கள் கழித்துத் துண்டுகளின் நேரக் கணக்கில் ஒரு விலகல் தென்பட்டு நாங்கள் தவித்தபோது, அந்த ஒரு வரிதான் வழி காட்டியது. புரியாததையும் எழுதிவைப்பவரே நல்ல பரிசோதகர்.

6. கடினமான புள்ளிகளை விட்டுவிடாதே. இரண்டு கருக்களின் மின்விலக்கம் எழுப்பும் கூலும் அரணுக்கு மேலே எண்ணிக்கை மளமளவென்று ஏறும்; அரணுக்குக் கீழே மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். பீம் நேரம் தீரப் போகிறதே என்று கீழ்ப் புள்ளிகளைக் கைவிடத் தோன்றும். ஆனால் கருவின் இயல்பு அங்கேதான் வெளிப்படுகிறது. சமேரியம்-144 கிட்டத்தட்ட உருண்டை, சமேரியம்-154 நீண்ட வடிவம். இரண்டின் மேலும் ஆக்சிஜன்-16ஐச் செலுத்தினால், நீண்ட கரு அரணுக்குக் கீழேயும் தாராளமாக இணைகிறது. அதன் முனை பக்கம் வந்து சேரும் ஆக்சிஜனுக்கு அரண் தாழ்ந்திருக்கிறது. சின்னச் சின்ன ஆற்றல் படிகளில் பொறுமையாக அளந்தவர்களுக்குத்தான் இந்த வடிவம் தெரிந்தது.

7. காத்திருக்கப் பழகு. ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் கொசுகே மொரிதாவின் குழு துத்தநாகம்-70ஐப் பிஸ்மத்-209 மேல் செலுத்தி 113-ஆம் தனிமத்தைத் தேடியது. 2004-இல் ஒரு அணு, 2005-இல் ஒன்று, மூன்றாவது 2012-இல். இடையில் வந்த ஏழு ஆண்டுகளும் அவர்கள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, தேடுவதையும் விடவில்லை. இன்று அந்தத் தனிமத்தின் பெயர் நிஹோனியம். இரண்டு ஆண்டுகளுக்குள் ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்று உன்னை நெருக்குவார்கள். கட்டுரை வரும்போது வரட்டும், அதற்காக அளவீட்டைச் சுருக்காதே.

8. மூலப்பதிவை ஒருவர் கையில் மட்டும் விடாதே. 1999-இல் பெர்க்லி ஆய்வகம், கிரிப்டானை ஈயத்தின் மேல் செலுத்தி 118-ஆம் தனிமத்தைக் கண்டதாக அறிவித்தது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய பதிவுகளைத் திறந்து மறுபடி அலசினார்கள். அறிவித்த நிகழ்வுகள் அங்கே இல்லவே இல்லை. அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தரவை அலசும் வேலை ஒருவரோடு நின்றுபோயிருந்தது. உன் தரவை இன்னொருவர் தனியாக அலசட்டும். அதை நம்பிக்கையின்மை என்று எண்ணாதே. உன் நேர்மைக்கு அதுவே காவல்.

9. உழைத்தவர் பெயரை விட்டுவிடாதே. யுரேனியத்திலிருந்து பேரியம் எப்படி வந்தது என்று புரிய வைத்தவர்கள் லீசே மைட்னரும் அவர் அக்கா மகன் ஃபிரிஷும். நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்வீடனில் இருந்தார் மைட்னர். ஒரு பிளவில் ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படும் என்று அந்த இருவரும் கணக்கிட்டார்கள். பிளவுக்கான 1944-ஆம் ஆண்டு நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. 109-ஆம் தனிமத்துக்கு மைட்னர் பெயரை வைத்து உலகம் பிற்பாடு கொஞ்சம் ஈடு செய்தது. நீ அவ்வளவு காலம் தாழ்த்தாதே. இரவெல்லாம் பீமைச் சீராக வைத்திருந்தவர், டார்கெட் செய்து தந்தவர், மின்னணுப் பெட்டியைச் சரிசெய்தவர் எல்லாரையும் நினைவில் வைத்து எழுது.

10. தெரியவில்லை என்று சொல்லக் கூசாதே. 118 வரை வந்துவிட்டோம். 114 முதல் 118 வரை கைகொடுத்தது கால்சியம்-48. கால்சியத்தை வைத்தே அதற்கு மேலே போக, ஏற்ற டார்கெட் போதிய அளவில் கிடைப்பதில்லை. ஆகவே டைட்டானியம், வனேடியம், குரோமியம் என்று கனமான பீமுக்குப் போக வேண்டியிருக்கிறது. பீம் கனமாகக் கனமாக, கலக்கும் முன்பே பிரிந்துவிடும் போக்கும் கூடுகிறது. கலப்பு எவ்வளவு, பிரிவு எவ்வளவு என்று கேட்டால் ஒரு கோட்பாடு ஒன்று சொல்கிறது, மற்றொன்று அதிலிருந்து பல மடங்கு விலகி நிற்கிறது. தீர்த்துவைக்க வேண்டியது அளவீடுதான், அந்த வேலைக்குத்தான் நீ வருகிறாய். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்து எழுது. உனக்குப் பின்னால் வரும் பிள்ளை உன் எண்களை நம்பி அதன் மேல் கட்ட முடிந்தால், நீ நன்றாக வேலை செய்திருக்கிறாய் என்று அர்த்தம்.