மலைப்பாதை ஜீப்புக்குப் பெரிய டயர்: முதலில் அச்சைக் கவனியுங்கள்

சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை, நாகலூர், வெள்ளக்கடை போன்ற ஊர்களில் காப்பியும் மிளகும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்குத் தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரையுள்ள மண்பாதையே பெரிய தொல்லை. அராபிகா காப்பிப் பழம் எடுக்கும் வேலை நவம்பர் வாக்கில் தொடங்குகிறது. அப்போது வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருப்பதில்லை. சேற்றிலும் கல்லிலும் மூட்டை இறக்க, நான்கு சக்கர இழுவையுள்ள பழைய ஜீப்பே பலருக்கும் கைகொடுக்கிறது. மஹிந்திரா நிறுவனம் 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது முதல் இவ்வகை வண்டிகள் மலைத் தோட்டங்களில் ஓடி வருகின்றன.

வண்டியின் அடிப்பாகம் கல்லில் இடிக்கிறது என்று பெரிய டயர் மாட்டுவது இப்போது வழக்கமாகி வருகிறது. அதில் கிடைக்கும் நன்மை நினைப்பதைவிடக் குறைவு. டயரின் குறுக்களவு 6 செ.மீ. கூடினால் அச்சு உயர்வது 3 செ.மீ.தான். வழுக்கல் மட்டுமே குறை என்றால், பழைய அளவிலேயே ஆழமான பட்டை உள்ள சேற்று டயரை மாட்டினால் போதும். அச்சைத் தொட வேண்டியதே இல்லை.

அதற்கு மேலும் பெரிய டயர் தேவை எனில், அதன் விளைவை முதலில் அளந்து பார்க்க வேண்டும். சமதரையில் டயரிலும் தரையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளி, ஓடிய தூரத்தை நாடாவால் அளக்கவும். பழைய டயர் ஒரு சுற்றுக்கு 225 செ.மீ. ஓடியது, புதியது 245 செ.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 245-ஐ 225-ஆல் வகுத்தால் 1.09 வரும். அதாவது வண்டி அதே கியரில் 9 சதவீதம் வேகமாக ஓடும். சக்கரம் தரையைத் தள்ளும் விசை சுமார் 8 சதவீதம் குறையும். வேகமானியில் முள் 40 காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 44 ஆக இருக்கும்.

அச்சிலுள்ள கிரௌன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்து வருவதே அச்சுப் பல்விகிதம். பழைய ஜீப்புகளில் இரண்டு விகிதங்கள் அதிகம் காணப்படும். 43-க்கு 8 பல் என்றால் 5.38, 39-க்கு 8 பல் என்றால் 4.88. மேலே சொன்ன டயரை 5.38 உள்ள வண்டியில் மாட்டினால், 5.38-ஐ 1.09-ஆல் வகுக்க 4.94 வருகிறது. கியரைத் தொடாமலே வண்டி 4.88 விகித வண்டியைப் போல் ஆகிவிடுகிறது. 4.88 உள்ள வண்டியிலோ, இழந்ததை மீட்க 4.88-ஐ 1.09-ஆல் பெருக்கினால் 5.32. ஆகவே 5.38 பொருந்தும். கணக்கு காட்டுவதற்கும் மேலே செல்ல ஆசைப்படுவது நல்லதல்ல. விகிதம் கூடக்கூடப் பினியன் சிறுக்கும். பல்லின் வலுவும் குறையும்.

தம் வண்டியின் விகிதம் தெரியாதவர்கள் எளிதில் கண்டறியலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கவும். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் கிரௌன் வீல் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் ப்ரொப்பல்லர் ஷாப்ட் ஐந்து சுற்றும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவும் சுற்றினால் 5.38, ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. கட்டை கொடுப்பதை மறக்கக் கூடாது. பல பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. துணைக் கியர் பெட்டியின் பின்புறம் ப்ரொப்பல்லர் ஷாப்டில் உள்ளது. ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அந்தப் பிரேக் வண்டியைப் பிடிக்காது.

“துணைக் கியர் பெட்டியில் லோ கியர் இருக்கிறதே, பல்விகிதத்தை ஏன் மாற்ற வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டப் பாதைக்கு இந்த வாதம் சரியே. லோ கியர் இழுவையை ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆக்குகிறது. 8 சதவீத இழப்பு அங்கே ஒரு பொருட்டல்ல. ஆனால் இவ்வகை ஜீப்புகளில் முன் அச்சைச் சேர்த்தால்தான் லோ கியர் விழும். காய்ந்த தார்ச்சாலையில் முன் அச்சைச் சேர்த்து வளைவில் திரும்பினால், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓட வேண்டிய தூரம் வேறுபடுவதால் அச்சுகளும் துணைக் கியர் பெட்டியும் முறுக்கேறும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே லோ கியரை நம்ப முடியாது. முதல் கியரும் இரண்டாம் கியருமே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். 50 கிலோ மூட்டை பத்து ஏற்றினால் அரை டன் பின்னாலிருந்து தள்ளுகிறது. எஞ்சின் பிடிப்பு குறைந்தால் அந்தச் சுமை முழுவதும் கால் பிரேக்கின் தலையில் விழுகிறது. லைனிங் சூடேறி வழுக்கத் தொடங்குகிறது. அச்சுப் பல்விகிதத்தின் அருமை ஏற்றத்தைவிட இறக்கத்திலேயே தெரியும்.

பல்விகிதத்தை மாற்றினால் எஞ்சின் பிடிப்பு திரும்பும். கால் பிரேக்கின் பிடிப்பு திரும்பாது. டயர் பெரிதானதால் அதே மிதிக்குக் கிடைக்கும் நிறுத்து விசை 8 சதவீதம் குறைந்தே இருக்கும். ஏற்றும் மூட்டையைக் குறைத்துத்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும்.

செலவு மிச்சம் என்று பின் அச்சை மட்டும் மாற்றுவது கூடவே கூடாது. பின்னால் 5.38, முன்னால் 4.88 என்று வைத்து முன் அச்சைச் சேர்த்தால், முன் சக்கரங்கள் பின்னதைவிட 10 சதவீதம் வேகமாக ஓட முயலும். பல்லோ, துணைக் கியர் பெட்டியோ, ஷாப்டோ, எது முதலில் போகும் என்பதுதான் கேள்வி. இதே காரணத்தால் முன்னும் பின்னும் டயர்கள் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும்.

அச்சை வலுப்படுத்துவது என்றதும் ஹவுசிங்குக்கு அடியில் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்வதே பலரின் நினைவுக்கு வருகிறது. அது குழாய் வளையாமல் காக்கும். உள்ளே சுற்றும் ஆக்ஸில் ஷாப்டுக்கு அதனால் எந்த வலுவும் சேராது. ஒரே மூச்சில் வெல்டிங் வைத்தால் சூட்டில் குழாயே கோணிவிடும். நடுப்பகுதி வார்ப்பிரும்பாக இருந்தால் சாதாரண வெல்டிங் விரிசல் விடும். செய்தே ஆக வேண்டுமென்றால் ஷாப்டையும் பேரிங்கையும் கழற்றிவிட்டு, இடம் மாற்றி மாற்றிச் சிறு துண்டுகளாக வைத்து, முடிவில் குழாயின் நேர்மையைச் சோதிக்க வேண்டும். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வதும், ஆயில் சீல் அடிக்கடி கசிவதும் குழாய் ஏற்கனவே வளைந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம்.

முதலில் பார்க்க வேண்டியது பின் ஆக்ஸில் ஷாப்ட். அதைக் கழற்றி, முனையிலுள்ள பல்வரிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கவும். முறுக்கிய கயிறு போலச் சாய்ந்திருந்தால் அந்த ஷாப்ட் உடையப் போகிறது, தயங்காமல் மாற்றவும். சக்கர முனை கூம்பாக உள்ள ஷாப்டுகளில் நட்டு தளர்ந்தால் கீ அறுந்துவிடும். பெரிய டயர் போட்ட முதல் வாரத்திலேயே நட்டை மறுபடி இறுக்குவது அவசியம். இறக்கத்தில் பின் ஷாப்ட் உடைந்தால் எஞ்சின் பிடிப்பும் போகும், ப்ரொப்பல்லர் ஷாப்டிலுள்ள கை பிரேக்கும் போகும். கால் பிரேக் ஒன்றுதான் மிஞ்சும். வண்டியில் எப்போதும் இரண்டு மரக்கட்டைகள் கிடக்கட்டும். முன் அச்சைப் பொறுத்தவரை, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிய நிலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் இருந்தாலே ஜாயிண்டுகள் நெடுநாள் உழைக்கும்.

கிரௌன் வீலும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. பழைய உதிரிபாகம் வாங்குவோர் இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். பூட்டும்போது பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவே விழும்வரை ஷிம் மாற்றிச் சரிசெய்ய வேண்டும். இதற்குப் பொறுமையில்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதிருப்பது நலம்.

டயர் அளவு தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுகளுக்குள் இருக்கட்டும். தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்ளவும்.

புதிய பற்கள் பூட்டியபின் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மூட்டை ஏற்றாமல், அவ்வப்போது நிறுத்தி அச்சை ஆறவிட்டு ஓட்டவும். பிறகு ஆயிலை வடித்து, கைநூலில் சொல்லியுள்ள தரத்தில் புதிய 90 எண் கியர் ஆயில் ஊற்றவும். வடித்த ஆயிலில் மினுமினுக்கும் தூள் மட்டும் இருந்தால் கவலையில்லை. விரலில் உருட்டும் அளவுக்குத் துண்டுகள் தட்டுப்பட்டால் வண்டியை ஓட்டாமல் அச்சை உடனே பிரித்துப் பார்க்க வேண்டும்.