கட்டுப்பாட்டை மக்கள் எப்போது ஏற்கிறார்கள்?

நோய்த்தடுப்புக் கட்டுப்பாடு என்றாலே மக்கள் சலித்துக்கொள்வார்கள் என்று வணிகர்களாகிய நாம் எண்ணுகிறோம். 2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் கண்டது வேறு.

சென்னை, கோவை, மதுரையில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதிதான் அறிவித்தார்கள். மறுநாள் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. கூட்டத்தைத் தடுக்க வந்த உத்தரவே கூட்டத்தைச் சேர்த்தது. அதே மாதம் ரேஷன் கடைகளில் ரூ.1,000-மும் இலவசப் பொருள்களும் வழங்க, நாள், நேரம் குறித்து டோக்கன் கொடுத்தார்கள். தன் முறை தெரிந்தவர் பொறுமையாக நின்றார்.

திருப்பாலைவனத்தில் நாங்கள் பட்டதையும் சொல்ல வேண்டும். அப்போது கடை நேரம் காலை 6 முதல் பகல் 1 மணி வரை. பழவேற்காடு ஏரிக்குப் போனவர்கள் மீனை விற்றுக் காசோடு வரும்போது பல நாள் கடை பூட்டிக்கிடக்கும். "உங்க நேரத்துக்கா மீன் படும்?" என்றார்கள், நியாயந்தானே! முந்தின நாளே சீட்டு வாங்கிச் சாமான் கட்டி வைத்தோம், முணுமுணுப்பு குறைந்தது.

ஆனால் ஒருநாள், வேண்டியவர் ஒருவருக்காக 1 மணிக்கு மேல் பின்கதவைத் திறந்தோம். வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் பார்த்துவிட்டார்கள். முகக்கவசம், வட்டம் போட்ட இடம் எல்லாவற்றையும் பொறுத்தவர்கள் இதைப் பொறுக்கவில்லை. அவர்களில் இரண்டு குடும்பம் இன்றும் மளிகைக்குப் பொன்னேரிக்குத்தான் போகிறார்கள்.