கரும்புக் காட்டு வெயிலும் உள்ளே விழும் தழும்பும்

சிறுநீரகத்திலும் இதயத்திலும் விழும் தழும்பு, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போன பழுதுபார்ப்பின் விளைவு. திசு காயப்பட்டதும் வெள்ளணுக்கள் அங்கே விரைகின்றன. மேக்ரோபேஜ் என்ற பெரிய விழுங்கணுக்கள் சிதைந்த செல்களை அகற்றிவிட்டு, சரிசெய்யும் வேலையைத் தொடங்கச் சொல்லி வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றில் முக்கியமானது டிஜிஎஃப்-பீட்டா. அது பட்டதும், அதுவரை சும்மா கிடந்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் உருமாறி, கொலாஜன் நாரை உற்பத்தி செய்கின்றன. காயம் ஒருமுறையோடு நின்றால் அழற்சியும் அடங்கும், நாரும் பெருமளவு கரையும். அதே இடத்தில் மறுபடி மறுபடி காயம் பட்டால், உழைக்கும் திசு இருந்த இடத்தை எந்த வேலையும் செய்யாத நார் பிடித்துக்கொள்ளும்.

அரிவாள் பட்டுக் கையில் விழுந்த தழும்பு யாருடைய வேலையையும் கெடுப்பதில்லை. சிறுநீரகத்தில் அப்படி இல்லை. ஒவ்வொன்றிலும் ரத்தத்தை வடிகட்டும் நுண் அலகுகளான நெஃப்ரான்கள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. பிறந்தபின் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. அவற்றுக்கு இடையில் சேரும் நார், நுண்ணிய ரத்தக்குழாய்களை நெருக்குகிறது. பிராணவாயு குறைகிறது, அந்தக் குறைவே அடுத்த காயமாகிறது. எஞ்சிய நெஃப்ரான்கள் கூடுதல் சுமையை இழுத்து அவையும் தேய்கின்றன. முதல் காரணம் விலகிய பிறகும் நோய் நகர்ந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

இப்படி மறுபடி மறுபடி படும் காயத்துக்குக் கரும்புக் காடு ஓர் உதாரணம். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. அது சேர்ந்த கள்ளக்குறிச்சி, கரும்பு மாவட்டம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்பு வெட்டுக்குக் கூலி டன் கணக்கில். நிழலில் உட்கார்ந்த நேரத்துக்குக் காசு கிடையாது என்பதால் தண்ணீர் குடிப்பதும் தள்ளிப்போகிறது. வெயிலில் கடும் உழைப்பு, வியர்வையில் போன நீரும் உப்பும், சுருங்கிய ரத்த ஓட்டம், இவை சேர்ந்து சிறுநீரகக் குழாய்ச் செல்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காயப்படுத்தும். நிகரகுவா, எல் சல்வடோர் கரும்புத் தொழிலாளர்களிடமும் இலங்கையில் அனுராதபுரம் பகுதி விவசாயிகளிடமும், சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இல்லாமலே சிறுநீரகம் செயலிழப்பது 1990களிலிருந்து கவனிக்கப்பட்டு வருகிறது. திசுவை எடுத்துப் பார்த்தால் இரு இடங்களிலும் தென்படுவது குழாய்களைச் சுற்றிய அழற்சியும் நார்ப்படிவும்தான். வெப்பமா, பூச்சிமருந்தா, குடிநீரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. வெப்பத்தின் பங்கை ஒதுக்கிவிட முடியாது என்பதே நியாயமான கணிப்பு.

தமிழ்நாட்டில் 2023இல் விவசாயத் தொழிலாளர்களிடையே மாநில அளவில் நடந்த ஆய்வில், ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. அதே ஆய்வில், முதல் சோதனையில் கோளாறு காட்டிய பலருக்கு மூன்று மாதம் கழித்து அளவு சரியாகியிருந்தது. அழற்சி தழும்பாக உறையுமுன் ஓர் இடைவெளி உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

அந்த இடைவெளியைக் கெடுப்பதில் வலி மாத்திரைக்குத் தனி இடம். மாலையில் உடம்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வெட்டுக்குப் போவது சாதாரணம். அழற்சியைக் குறைக்கும் மருந்து சிறுநீரகத்துக்கு நல்லதுதானே என்று தோன்றலாம், நடப்பது நேர்மாறு. உடலில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். இந்த மாத்திரை அது சுரப்பதைத்தான் தடுக்கிறது. வலி தாங்கவில்லையென்றால் அளவோடு பாராசிட்டமால் பரவாயில்லை. விடியற்காலையில் வேலையைத் தொடங்கி உச்சி வெயிலுக்கு முன் நிறுத்துவது, கால் மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், இடையில் உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம், இவை மாத்திரையின் தேவையையே குறைக்கும். ஏற்கெனவே சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்களுக்கு மட்டும் நீருக்கும் உப்புக்கும் மருத்துவர் சொன்ன அளவே அளவு.

இதயத்தில் கதை சற்று மாறும். மாரடைப்பில் செத்த தசைக்குப் பதில் நார் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் முதல் சில நாட்களிலேயே இதயச் சுவர் கிழிந்துவிடக்கூடும். அங்கே அழற்சி உயிர் காக்கும் வேலை செய்கிறது. அந்த நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்து அதை அடக்குவதை மருத்துவர்கள் தவிர்ப்பது இதனால்தான். கட்டுப்படாத ரத்தக்கொதிப்பில் வருவது வேறு வகை: தசை நார்களுக்கு நடுவே கொலாஜன் மெல்லப் பரவி இதயம் விறைக்கிறது. சுருங்கும் வலு இருந்தும், விரிந்து ரத்தத்தை வாங்க முடியாமல் மூச்சு வாங்குகிறது.

மூன்றாவது வகை பிள்ளைப் பருவத்தில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டை வலி ஆறி இரண்டு மூன்று வாரங்களில், கிருமியை எதிர்க்க எழுந்த படை இதய வால்வுகளையே தாக்குவதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் இடம் மாறி மாறி வந்து தானே போய்விடும். வால்வில் பட்ட சேதம் தங்கிவிடக்கூடும். காய்ச்சல் திரும்பும்போதெல்லாம் வால்வின் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும். பெண்ணுக்கு முதல் பிரசவ காலத்தில்தான் அது மூச்சுத்திணறலாகத் தெரியவரும் சம்பவங்கள் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, அதுவும் பல ஆண்டுகளுக்கு, என்பதே தடுப்பு. இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் குடும்பத்துக்கு ஒவ்வொரு ஊசியும் ஒரு நாள் கூலி. ஊசி விட்டுப்போவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல.

இரு உறுப்புகளையும் இணைப்பது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன். சிறுநீரகத்தில் ரத்த ஓட்டம் குறைந்தால் இது கூடுகிறது. கூடி, இரண்டு இடத்திலும் டிஜிஎஃப்-பீட்டாவைத் தூண்டுகிறது. எனாலபிரில், டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரைகள் இதை மறிப்பதால் பிரஷரைக் குறைப்பதோடு நார் சேரும் வேகத்தையும் குறைக்கின்றன. சர்க்கரை நோய் மாத்திரையான டாபாகிளிஃப்ளோசினும், இந்த இரு உறுப்புகளையும் காக்க, சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இன்று தரப்படுகிறது. பிரஷர் சரியாகிவிட்டது என்று இவற்றைத் தாங்களாகவே நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வாந்தி, பேதி கடுமையாக இருக்கும் நாட்களில் மட்டும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சிறுநீரகப் பழுதை அறிய இரண்டு சோதனைகள் உண்டு. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு, சிறுநீரகத் திறன் ஏறக்குறையப் பாதி போன பிறகே பளிச்சென்று ஏறும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் அதற்கு முன்பே கசியலாம்; குழாய்களைச் சுற்றிய நோயில் அது அதிகம் கசியாது என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுப்பது காலையில், வேலைக்குப் போகுமுன் இருக்கட்டும். வெட்டு முடித்த மாலையில் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். கூடியிருந்தால் வலி மாத்திரையை நிறுத்தி, மூன்று மாதத்தில் மறுபடி எடுத்துப் பார்த்த பிறகே நாள்பட்ட நோய் என்று முடிவு கட்டுவார்கள்.