பெருநாள் கடைத்தெருவும் எரிபொருள் விலையும்

விழாவும் வாணிகமும் பிரிக்க இயலாதவை. பூம்புகாரில் இந்திர விழா 28 நாள் நடைபெற்றதை மணிமேகலை காட்டுகிறது. அந்நகரின் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே நாளங்காடி அமைந்திருந்தது. மதுரையின் பகற்கடைகளையும் இரவுக்கடைகளையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. ஆயின் அங்காடியில் குவிந்த பொருள் எவ்வழி வந்தது, அதனை வாங்குவோர் எவ்வழி வந்தனர் என்னும் வினாக்களுக்கு விடை கண்டால்தான் வாணிகத்தின் உள்நிலை விளங்கும்.

உமணர் உப்பு வண்டிகளில் நெடுந்தொலைவு சென்றனர். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கெனச் சேம அச்சினையும் வண்டியில் கட்டிச் சென்றதைப் புறநானூற்றால் அறிகிறோம். கழுதைகள் மிளகுப் பொதி சுமந்து சென்ற பெருவழிகளில் உல்கு என்னும் சுங்கம் பெறப்பட்டதைப் பெரும்பாணாற்றுப்படை கூறும். எருதுக்கு வேண்டிய புல்லும் நீரும் பெரும்பாலும் வழியிலேயே கிடைத்திருக்கும். ஆதலின் அன்றைய வணிகனின் வழிச்செலவில் உல்கே முதன்மையாயிருந்தது எனலாம். இன்றோ உல்கு எரிபொருளுக்குள்ளேயே புகுந்து அமர்ந்துவிட்டது. 2017 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிக்குள் பெட்ரோலும் டீசலும் கொண்டுவரப்படவில்லை. அதனால் டீசலுக்குச் செலுத்தும் வரியை வணிகர் பிற வரிகளைப்போல் கழித்துக்கொள்ள இயலாது. அது பொருளின் விலையோடு ஒட்டிக்கொள்கிறது.

இதனைக்கொண்டு, டீசல் விலை ஏறினால் பண்டிகைத் துணிமணிகளின் விலையும் அதே அளவு ஏறும் என்று பலர் கருதுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் இக்கருத்து முழுதும் பொருந்தவில்லை என்பது புலனாகும்.

சரக்கு வரும் வழி

ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்காவை அடுத்துள்ள அப்துல் கனி ஜவுளிச் சந்தை, வாரந்தோறும் திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை கூடுவதாகப் பெயர்பெற்றது. ஈரோட்டிலிருந்து காயல்பட்டினம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி அவ்வழிக்கு 100 லிட்டர் டீசல் கொள்ளும். விலை லிட்டருக்கு ரூ.10 உயர்ந்ததெனக் கொண்டால் கூடுதற்செலவு ரூ.1,000. அந்த லாரியில் 10,000 சட்டைகள் இருப்பின் ஒரு சட்டைக்கு விழுவது 10 காசு. பருத்தி குசராத்திலிருந்து கோவை ஆலைக்கும், நூல் தறிக்கும், துணி சாயப்பட்டறைக்கும், பின்னர்த் தையற்கூடத்திற்கும் என ஐந்தாறு முறை பயணம் செய்கிறது என்பதையும் சேர்த்தெண்ணினாலும் அச்சுமை ஓரிரு ரூபாய்க்கு மேற்செல்வது அரிது. லாரி நிறையச் சரக்கு எடுப்பவருக்கே இக்கணக்குப் பொருந்தும். தாமே பேருந்தேறிச் சந்தைக்குச் சென்று இரண்டு மூட்டை கட்டிவரும் சிறு வணிகருக்குப் பயணச்சீட்டு, சுமைக்கூலி, பார்சல் கட்டணம் ஆகிய அனைத்தும் அவ்விரண்டு மூட்டையின்மீதே விழும். ஒரே தெருவில் பெரிய கடைக்கு உறைக்காத விலையேற்றம் சிறிய கடைக்கு உறைப்பது இதனாலேயே.

காலமும் ஈண்டு நோக்கத்தக்கது. ஆடித் தள்ளுபடியில் பழைய இருப்பைக் கழித்துவிட்டு, ஆவணி, புரட்டாசியில் தீபாவளிக்கான கொள்முதலை முடிப்பது வணிகர் வழக்கம். 2014 அக்டோபர் 18 அன்று டீசல் விலைமீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு விலையும் குறைந்தது. தீபாவளி அக்டோபர் 22. 2021 நவம்பர் 3 அன்று மைய அரசு கலால் வரியில் பெட்ரோலுக்கு ரூ.5, டீசலுக்கு ரூ.10 குறைத்தது, மறுநாளே தீபாவளி. அதற்குள் சரக்கெல்லாம் கடையில் அடுக்கப்பட்டுவிட்டது. இத்தகைய குறைப்பு ஊர் திரும்புவோருக்கு ஓரளவு உதவியிருக்கலாம். அவ்வாண்டுச் சேலையின் விலையைத் தொட்டிருக்க வழியில்லை.

மக்கள் வரும் வழி

உண்மையான பாதிப்பு இவ்வழியிலேதான் நேர்கிறது. சென்னையில் பணிபுரியும் ஒருவர் மனைவி மக்களுடன் நால்வராக ஊருக்கு வருகிறார் என்க. கட்டணம் ஆளொன்றுக்கு ஒரு வழிக்கு ரூ.150 கூடினால் போக்குவரத்துக்கு ரூ.1,200 கூடுகிறது. சட்டைக்கு 10 காசு எங்கே, குடும்பத்துக்கு ரூ.1,200 எங்கே! அத்தொகை ஒரு சேலையின் விலை. அல்லது இரு பிள்ளைகளின் புத்தாடை. சட்டப்படி போனசு குறைந்தது 8.33 விழுக்காடு வழங்கப்படவேண்டும். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்திற்குள் தரவேண்டும் என்பதால், மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனங்களில் அது தீபாவளியை ஒட்டிக் கைக்கு வருகிறது. அப்பணத்தைக் கடைத்தெரு காணுமுன்னரே பேருந்து கண்டுவிடுகிறது.

பண்டிகைக் காலத்தில் தனியார் பேருந்துகள் பெறும் மிகைக் கட்டணம் முழுதும் டீசலால் வருவதன்று. அதில் பெரும்பங்கு மக்கள் நெருக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வதே. டீசல் விலை அதற்கொரு சாக்காக அமைவதுண்டு. விலை குறைந்த ஆண்டிலும் பண்டிகைக் கட்டணம் குறையக் காணோம்.

பயணம் செலவுமிக்கதாகும்போது குடும்பத் தலைவர் மட்டும் ஊருக்கு வருவார். அல்லது சென்னை ரங்கநாதன் தெருவிலேயே யாவற்றையும் வாங்கிக்கொண்டு வருவார். இரண்டிலும் இழப்பு ஊர்க் கடைக்கே. இதற்கு மாறான சான்றும் உண்டு. தமிழகத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். சுற்றுவட்டச் சிற்றூர்ப் பெண்கள் ஒரு முறைக்கு இருமுறை கடைத்தெருவுக்கு வந்து விலை கேட்டு, ஒப்பிட்டு வாங்க இது வழிசெய்கிறது. இப்பேருந்துகள் அண்மை ஊர்களுக்கே செல்வதால் அவ்வாணிகம் பெருநகருக்குப் போகாமல் அருகிலேயே தங்குகிறது.

கடல் கடந்த வழி

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் முதலிய ஊர்களின் பெருநாள் வாணிகத்திற்கு மற்றொரு முகம் உண்டு. பிற ஊர்களில் எரிபொருள் விலையேற்றம் தீமையே. இவ்வூர்களிலோ பல இல்லங்களின் வருவாய் எண்ணெய் விளையும் நாடுகளிலிருந்து வருகிறது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் அங்கே கட்டடங்கள் எழும், வேலை பெருகும், நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வரும் பணமும் பெருகும். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 சனவரியில் 30 டாலருக்கும் கீழே சரிந்தது. இந்தியாவில் கலால் வரி பலமுறை உயர்த்தப்பட்டமையால் அவ்வீழ்ச்சியின் முழுப்பயன் நம் மக்களுக்குக் கிட்டவில்லை. அதே 2016-இல் சவூதி அரேபியாவில் கட்டுமானத் தொழிலாளர் பலர் ஊதியமின்றித் தவித்தனர். மலிவான எண்ணெய் இவ்வூர்களை இருபுறமும் வஞ்சித்த காலம் அது.

இவை இரண்டினும் கொடியது 1990. அவ்வாண்டு ஆகஸ்டு 2-இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. எண்ணெய் விலை ஏறியது. அங்கிருந்து வரும் பணமோ நின்றது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் அழைத்துவரப்பட்டனர். உழைத்துச் சேர்த்தவற்றை விட்டுவிட்டு வந்தவர் பலர்.

ரமலான் கதிரவ ஆண்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னேறி வருவதால் வணிகர் நிலையும் மாறுகிறது. 2005 நவம்பரில் சில நாள் இடைவெளியில் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் வந்தன. அப்போது ஒரே கொள்முதல், ஒரே லாரி வாடகை இரு விழாவுக்கும் போதுமானதாக இருந்தது. பெருநாள் கோடையில் வரும் ஆண்டுகளில் அதற்கெனத் தனியே சரக்கு எடுக்கவேண்டும். எஞ்சினால் தீபாவளி வரை கடனுடன் வைத்திருக்கவேண்டும்.

இக்கட்டுரையில் கண்டவை கணக்கினாலும் கேள்வியினாலும் கொண்டவை. நம் மாணவர் பலர் பெருநாள் நேரத்தில் ஜவுளிக்கடைகளில் தற்காலிகமாகப் பணிபுரிகின்றனர். வாங்க வந்தவர் எவ்வூரினர், எந்த வண்டியில் வந்தார், வழிக்கு என்ன செலவிட்டார், என்ன எண்ணி வந்து எதை வாங்கிச் சென்றார் என்னும் நான்கினை மட்டும் ஒரு குறிப்பேட்டில் அவர்கள் எழுதிவரலாம். பெருநாளுக்கு மறுநாள் விற்காமல் எஞ்சிய கட்டுகளின் எண்ணிக்கையையும் அதனருகே குறித்துக்கொள்ளல் நன்று.